கிளச்சா, கியர்பாக்ஸா? ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் நீங்களே செய்து பார்க்க வேண்டிய சோதனைகள்

என் முதல் கார் ஒரு பழைய ஆல்ட்டோ. வாங்கி ஏழெட்டு மாதம் ஆனபோது ரிவர்ஸ் போடும்போதெல்லாம் 'கர்ர்ர்' என்று பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. போகப்போக முதல் கியரும் முரண்டு பிடித்தது. ஒருநாள் தக்கலையில், பின்னால் பஸ்காரர் ஹார்னில் இருந்து கையை எடுக்காமல் நிற்க, கியர் விழாமல் நடுரோட்டில் மாட்டிக்கொண்டேன். எப்படியோ கிளப்பி, வழியில் இருந்த ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். இரண்டு தடவை கியரை ஆட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் இறக்கணும், உள்ள பல்லு போயிருக்கும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை அப்போதைய என் இரண்டு மாதச் சம்பளம்.

வண்டியை அங்கே விடாமல் மெல்ல ஊருக்கு ஓட்டி வந்தது நல்லதாய்ப் போயிற்று. எங்கள் ஊரில் ஒரு மூத்த மெக்கானிக் இருக்கிறார். ஜீப்பும் லாரியும் பார்த்தே முடி நரைத்தவர். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "இஞ்சின ஆஃப் பண்ணிட்டு எல்லா கியரையும் ஒண்ணொண்ணாப் போட்டுப் பாரு மக்களே" என்றார். போட்டேன். வாழைப்பழத்தில் ஊசி இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக விழுந்தது, ரிவர்ஸ் உட்பட. "அப்ப கியர்பாக்ஸ்ல ஒரு கொறையும் இல்ல. நீ சவுட்டுதது (மிதிக்கிறது) கிளச்சுக்குப் போய்ச் சேரல்ல" என்றார்.

பிறகுதான் பானெட். கியர்பாக்ஸ் பக்கம் கிளச் கேபிள் போய்ச் சேரும் முனையைத் துணியால் துடைத்துக் காட்டினார். முறுக்கிய கம்பியில் பாதி இழைகள் அறுந்து ஈர்க்குச்சி மாதிரி நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. மிச்ச இழைகள் இழுபட்டு நீண்டிருந்தன. நான் பெடலைத் தரை வரை மிதித்தாலும், அந்த நீளமெல்லாம் இழுபட்டுத் தீர்ந்த பிறகு கிளச்சுக்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான். புதுக் கேபிள் மாட்டினார். அரை மணி நேர வேலை.

அன்றிலிருந்து கார் புதிதாக வாங்குகிற யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்கிறேன்: கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன், இறக்காமலே கண்டுபிடிக்கக்கூடிய எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். அதற்கு டூல் கிட் வேண்டாம். கால், கை, காது, மூக்கு போதும். காசு குறைந்த காரணத்தில் தொடங்கி, காசு அதிகமான காரணத்துக்குப் போகிற வரிசையில் கீழே எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன

ரப்பர் ஷீட் அடிக்கும் உருளை மெஷினைப் பார்க்காதவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் குறைவு. இரண்டு உருளையும் இறுகப் பிடித்தால் ஷீட் கூடவே நகரும். இடைவெளி கூடினால் உருளை சுற்றும், ஷீட் வழுக்கிக்கொண்டு நிற்கும். கிளச்சும் இந்தப் பிடிப்பை வைத்துத்தான் வேலை செய்கிறது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது ஃப்ளைவீல். அதன் மேல் ஸ்பிரிங் பலத்தோடு அமுக்குவது பிரஷர் பிளேட். நடுவில் மாட்டிக்கொண்டு கியர்பாக்ஸைச் சுற்றவைப்பது கிளச் பிளேட். நீங்கள் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய்ப் பிரஷர் பிளேட்டின் விரல்களை (விரல் மாதிரி நீண்டிருக்கும் ஸ்பிரிங் முனைகளை) அழுத்தும், பிடி விடும். காலை எடுத்தால் மறுபடி பிடிக்கும்.

ஆக, கிளச் கெடுவது முக்கியமாக இரண்டு வகை. சரியாகப் பிடிக்காது, அல்லது சரியாக விடாது. பிடிக்காவிட்டால் வண்டி இழுக்காது. விடாவிட்டால் கியர் விழாது. புதியவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். இரண்டுக்கும் அறிகுறி வேறு, மருந்தும் வேறு.

முதலில் இன்ஜின் அணைந்திருக்கும்போது

சமமான தரையில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். குனிந்து கிளச் பெடலுக்கு அடியில் பாருங்கள். கால்மிதி விரிப்பு சுருண்டு பெடலுக்குக் கீழே போய்க் கிடந்தால், பெடல் முழுசாக இறங்காது. கிளச்சும் முழுசாக விடாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விரிப்பு போட்ட வண்டிகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விரிப்பை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் 'கியர் பிரச்சினை' அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து பெடலைக் கையால் அழுத்துங்கள், காலால் அல்ல. கைக்குத்தான் நுணுக்கம் தெரியும். மேலே கொஞ்ச தூரம் லேசாக இறங்கி, அதன் பிறகு கனம் தட்டுப்பட வேண்டும். அந்த லேசான தூரம்தான் ஃப்ரீ ப்ளே. கேபிள் கிளச் உள்ள பல வண்டிகளில் இது ஒரு விரல் கனம், அதாவது சுமார் 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கும். சரியான அளவு உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீ ப்ளே அதிகமாக இருந்தால், மிதிக்கிற தூரத்தில் பாதி வீணாகப் போகிறது, கிளச் விடாது. ஃப்ரீ ப்ளே சுத்தமாக இல்லாவிட்டால் அதற்கு நேர்மாறு. கிளச் பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டின் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நகரும். கேபிளில் இருந்த தளர்வு தானாகக் குறைந்துகொண்டே வரும். தளர்வு இல்லாமல் போனால், நீங்கள் கால் வைக்காமலே கிளச்சைப் பாதி மிதித்தபடி ஓட்டுகிறீர்கள் என்று பொருள். வண்டி வழுக்கும், பிளேட் எரியும். கேபிள் முனையில் இருக்கும் நட்டைத் திருப்பித் தளர்வு கொடுத்தாலே சில வண்டிகளில் பிடி திரும்ப வந்துவிடும். பிளேட்டில் இன்னும் கனம் மிச்சம் இருந்தால், அந்த வண்டி நிறைய ஓடும். வழுக்குகிறது என்றதும் கிளச் செட் வாங்க ஓடுகிறவர்கள் இந்த நட்டை முதலில் பார்க்க வேண்டும்.

பெடல் வழக்கத்தைவிடக் கனமாக, மணலில் இழுப்பது போல உரசிக்கொண்டு இறங்கினால் கேபிள் உள்ளே துரு பிடித்திருக்கலாம், இழை அறுந்திருக்கலாம். கொளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு இது சீக்கிரம் வரும். உப்புக்காற்று யாரையும் விடாது.

ஹைட்ராலிக் கிளச் உள்ள வண்டியில் கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயில் வேலை செய்கிறது. பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே டப்பாதான். அதில் ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. டிரைவர் பக்கம் பெடலுக்கு மேலே, பெடல் அமுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டு உள்ளே வரும் இடத்தில் விரலை வைத்துத் தடவுங்கள். ஈரம் ஒட்டினால் மாஸ்டர் சிலிண்டர். கியர்பாக்ஸ் பக்கம், ஆயில் அழுத்தத்தில் கிளச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை நனைந்திருந்தால் அது. சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது; அப்போது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டு விழும்.

ஒழுக்கு எதுவும் இல்லை, ஆனாலும் பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறதா? நாலைந்து தடவை வேகமாக மிதித்துவிட்டுக் கியர் போட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் ஒழுங்காக விழுந்தால் லைனில் காற்று புகுந்திருக்கிறது. ஏர் எடுத்தால் போதும். பெடல் மெல்ல மெல்லத் தானாக அமிழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் போயிருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் கடைசியாக, அந்த மெக்கானிக் எனக்குச் செய்து காட்டிய சோதனை. இன்ஜின் அணைந்த நிலையில் கிளச்சை மிதித்து எல்லா கியரையும் போடுங்கள். ஒன்று மட்டும் விழ மறுத்தால், வண்டியை ஓரடி முன்னும் பின்னும் தள்ளிவிட்டுத் திரும்பப் போடுங்கள். பல் எதிரெதிரே நின்றிருந்தால் அதில் சரியாகிவிடும். எல்லாம் லேசாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் தகராறு என்றால் குறை கிளச் பக்கம். இன்ஜின் அணைந்தாலும் லீவர் இறுகிக் கிடந்தால் கியர் கேபிள், லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ், அதன் புஷ், கடைசியாகத்தான் கியர்பாக்ஸின் உள்பகுதி.

இன்ஜினைக் கிளப்பிக் காது கொடுங்கள்

ஏசி, ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நியூட்டிரலில் இன்ஜின் ஓடட்டும், கால் கிளச்சில் இருக்க வேண்டாம். ஒரு முனகலோ உரசல் சத்தமோ கேட்கிறதா? கேட்டால், மெல்லக் கிளச்சை மிதியுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (கிளச்சில் இருந்து உள்ளே போகும் தண்டு) பேரிங்கைச் சந்தேகப்படலாம். நியூட்டிரலில் காலை எடுத்திருக்கும்போது அந்தத் தண்டு இன்ஜினோடு சுற்றுகிறது. மிதித்தால் சுற்றுவது நிற்கிறது, சத்தமும் நிற்கிறது.

மாறாக, மிதிக்காதபோது அமைதியாக இருந்து, மிதிக்கத் தொடங்கியதும் 'கீய்ங்' என்றோ சில்வண்டு மாதிரியோ சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். அந்தப் பேரிங் ஒன்றும் பெரிய விலை இல்லை. ஆனால் அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், லேபர்தான் அதிகம். அதனால் சத்தம் சின்னதாக இருக்கும்போது அடுத்த கிளச் வேலை வரை காத்திருக்கலாமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். தரதரவென்று அரைக்கிற அளவுக்கு வந்தால் காத்திருக்கக் கூடாது. அது உடைந்தால் பிரஷர் பிளேட் விரல்களையும் தின்றுவிடும்.

நியூட்டிரலில் லேசான 'கடகட' சத்தம் டீசல் வண்டிகளில் சாதாரணமாகவே இருக்கும். அதைப் பேரிங் முனகலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முனகல் ஒரே இழுப்பாக வரும், கடகடப்பு விட்டுவிட்டு வரும். ஆனால் இன்ஜினை அணைக்கும் நொடியிலும் கிளப்பும் நொடியிலும் கட்டை உருள்வது மாதிரி பலமாக இடித்தால், ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல் (இரண்டு துண்டாக, நடுவில் ஸ்பிரிங் வைத்தது) உள்ள வண்டியா என்று விசாரியுங்கள். அது சில டீசல் வண்டிகளில் உண்டு, விலையும் கூடுதல்.

ரிவர்ஸ் சோதனை

கிளச் விடுகிறதா என்பதை இது சொல்லிவிடும். நியூட்டிரலில் இன்ஜின் ஓடும்போது கிளச்சை முழுசாக மிதியுங்கள். உடனே ரிவர்ஸ் போடாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இப்போது போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் நல்லது. பத்து எண்ணிய பிறகும் 'கர்ர்' என்றால், உள்ளே தண்டு நிற்காமல் இன்னும் சுற்றுகிறது, கிளச் விடவில்லை.

மிதித்த கையோடு அவசரமாகப் போட்டால் வருகிற 'கர்ர்' பல வண்டிகளில் குறையே இல்லை. ரிவர்ஸில் சின்க்ரோனைசர் (கியர் விழும் முன் சுற்று வேகத்தைச் சமமாக்கும் பாகம்) இல்லாத வண்டிகள் நிறைய உண்டு. சுற்றிக்கொண்டிருக்கும் தண்டு நிற்க ஓரிரு நொடி வேண்டும். முதலில் முன் கியர் ஒன்றைத் தொட்டுவிட்டு ரிவர்ஸ் போட்டால் தண்டு நின்றுவிடும்.

இன்னொரு வழி: முதல் கியரில் போட்டு, கிளச்சை முழுசாக மிதித்தபடி லேசாக ரேஸ் கொடுங்கள். முன்னால் திறந்த இடமாக இருக்கட்டும், வலது கால் பிரேக்குக்குப் போகத் தயாராக இருக்கட்டும். வண்டி இம்மியும் நகரக் கூடாது. ஊர்ந்தால் கிளச் விடவில்லை.

கல்ஃபில் இருந்து லீவில் வருகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஆறு மாதம், ஒரு வருடம் வண்டி போர்ட்டிகோவில் கிடக்கும். நமக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, வருடத்தில் பாதிக்கு மேல் ஈரம். அந்த ஈரத்தில் ஃப்ளைவீலில் துரு பூத்து, கிளச் பிளேட் அதோடு ஒட்டிக்கொள்ளும். வந்து இறங்கிய அன்று இன்ஜின் கிளம்பும், கியர் ஒன்றும் விழாது. இதைப் பார்த்துவிட்டு கிளச் செட்டே போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இன்ஜினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி அணையுங்கள். வண்டியைத் திறந்த மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், இரண்டாவது கியரில் போட்டு, கிளச்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி குலுங்கி ஓடத் தொடங்கும். கிளச்சை மிதித்தே வைத்து, ஆக்சிலரேட்டரை அழுத்தி அழுத்தி விட்டால் பெரும்பாலும் 'டக்' என்று ஒட்டு விட்டுப்போகும். வீட்டு வாசலிலோ சந்திலோ இதைச் செய்யவே கூடாது. தைரியம் இல்லாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் கையில் விட்டுவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் வாரம் ஒரு தடவை வண்டியை எடுத்துத் தெருமுனை வரை போய்வரச் சொல்லிவிட்டுப் போவது எல்லாவற்றையும்விட நல்லது.

வழுக்குகிறதா என்று பார்ப்பது

நின்ற இடத்திலேயே ஒரு சோதனை உண்டு. சமதளம், முன்னும் பின்னும் ஆளில்லாத இடம். ஹேண்ட் பிரேக்கை இறுக இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, லேசாக ரேஸ் கொடுத்து, கிளம்பும்போது விடுகிற மாதிரிக் கிளச்சை விடுங்கள். இன்ஜின் அந்த நொடியே திணறி அணைந்தால் பிடிப்பு இருக்கிறது. அணையாமல் இழுத்துக்கொண்டே ஓடினால் உடனே கிளச்சை மிதித்துவிடுங்கள், பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும். நாலு பேருக்குச் செய்து காட்டினால் நல்ல பிளேட்டும் கருகிவிடும்.

ஆனால் வழுக்கல் ஆரம்பத்தில் இருக்கும்போது இந்தச் சோதனையில் பிடிபடாது. சாலையில், பாரத்தில்தான் தெரியும். குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை போகும் வழியிலோ, கீரிப்பாறை தாண்டிப் பாலமோர் பக்கமோ ஏற்றம் கிடைக்கும். ஏற்றத்தில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில், 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தமும் வண்டி வேகமும் கைகோத்து ஏற வேண்டும். சத்தம் மட்டும் சர்ரென்று ஏறி, ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று) முள் தாவி, ஸ்பீடோமீட்டர் அசையாமல் நின்றால் வழுக்கல். கூடவே காகிதமும் ரப்பரும் சேர்ந்து கருகுவது போல ஒரு வாடை வரும். ஒருமுறை முகர்ந்தால் மறக்காது.

மலைக்குப் போக முடியாதவர்களுக்கு ஆரல்வாய்மொழி இருக்கிறது. தென்மேற்குப் பருவ மாதங்களில் அந்தக் கணவாய் வழியாக மேற்கே இருந்து அடிக்கிற காற்று காற்றாலைகளை மட்டுமா சுழற்றுகிறது? திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவில் நோக்கி வரும் வண்டிக்கு அது எதிர்காற்று, ஏற்றத்தில் ஏறுவதற்குச் சமமான பாரம். டாப் கியரில் வேகம் கூட்டும்போது என் இரண்டாவது வண்டியின் வழுக்கல் முதலில் தெரிந்தது அங்கேதான். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு அறிகுறியும் இல்லை. வழுக்கல் எப்போதும் பெரிய கியரில், பெரிய பாரத்தில்தான் தலைகாட்டும். சின்ன கியருக்கு அது வருகிறபோது காலம் கடந்திருக்கும்.

வண்டி இழுக்காததெல்லாம் கிளச் இல்லை. ஆர்பிஎம்மும் ஏறாமல் வேகமும் ஏறாமல் மந்தமாக இருந்தால் இன்ஜின் பக்கம், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ குழாய் என்று தேட வேண்டும். பிரேக் ஒட்டிக்கொண்டு சக்கரம் சூடாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆழமான தண்ணீரில் இறங்கி ஏறியவுடன் கிளச் வழுக்கினால் பதற வேண்டாம், நனைந்திருக்கும்; காய்ந்தால் பிடிக்கும். ஆனால் ரிலீஸ் பேரிங்கின் கிரீஸ் அப்போது கழுவிப்போயிருந்தால், சத்தம் சில வாரம் கழித்துத்தான் வரும். 2017 ஒக்கிப் புயல் மழையில் தண்ணீரில் நின்ற எங்கள் பக்கத்து வீட்டு வண்டிக்கு அப்படித்தான் வந்தது. அதே வண்டியில் கியர் ஆயிலும் பால்காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. உடனே மாற்றியதால் தப்பித்தது. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு, வேறு குறை தெரியாவிட்டாலும், கியர் ஆயிலைத் திறந்து பாருங்கள்.

கிளம்பும்போது உதறினால்

முதல் கியரில் கிளம்பும்போது வண்டி 'தடதட' என்று உதறினால் பலரும் பிளேட் என்பார்கள். பிளேட்டாகவும் இருக்கலாம்: ஆயில் பட்டிருக்கும், அல்லது ஃப்ளைவீல் சூட்டில் நீலம் பாய்ந்து திட்டுத் திட்டாக இறுகியிருக்கும். ஆனால் அதற்கு முன் இன்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து, ஒருவர் ஹேண்ட் பிரேக்கும் பிரேக்கும் போட்டு, முதல் கியரில் கிளச்சை இம்மி மட்டும் விட்டுப் பிடிக்கட்டும். அடுத்து ரிவர்ஸில் அதே மாதிரி. நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னால் நிற்கக் கூடாது. இன்ஜின் கொஞ்சம் அசைவது இயல்பு. ஒரு கை அளவுக்குத் தூக்கித் தூக்கிப் போட்டால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது. அதே கிழிந்த மவுண்டிங்தான் சில வண்டிகளில் கியர் லீவரைத் தள்ளி, கியர் தானாகக் கழன்று விழவும் வைக்கும்.

குறை கியர்பாக்ஸிலேயே இருந்தால்

இவ்வளவும் பார்த்து கிளச் நல்லது என்று தெரிந்த பிறகுதான் கியர்பாக்ஸின் பேச்சு. குறை எந்த கியரில் என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லா கியரிலும் தகராறு என்றால் கிளச் அல்லது லிங்கேஜ். ஒரே ஒரு கியரில் மட்டும் என்றால் உள்ளே.

இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ மாற்றும்போது மட்டும் 'கர்' என்று கேட்டால் அந்த கியரின் சின்க்ரோனைசர் ரிங் தேய்ந்திருக்கலாம். உறுதிசெய்ய ஒரு பழைய லாரி டிரைவர் வழி இருக்கிறது. கிளச் மிதித்து நியூட்டிரலுக்குக் கொண்டுவாருங்கள், கிளச்சை விடுங்கள், திரும்ப மிதித்து அடுத்த கியரில் போடுங்கள். கியர் குறைக்கும்போது நடுவில் லேசாக ரேஸும் கொடுங்கள். இப்படி இரட்டை மிதியில் சத்தமில்லாமல் விழுந்தால், சின்க்ரோனைசர்தான். கியர்பாக்ஸைத் திறக்கும் வரை அப்படியே ஓட்டிச் சமாளிக்கவும் செய்யலாம்.

கோதையாறு பக்கம் இருந்து இறங்கும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் லீவர் துள்ளி நியூட்டிரலுக்கு வந்தால் அதை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு போய் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். மவுண்டிங், கியர் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட், லீவரின் அடியில் உள்ள ரப்பர் உறை இவற்றைப் பார்த்துவிட்டு, அப்புறம் உள்ளே கியரை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க்கும் கியர்ப் பல்லும். ஓட்டும்போது கியர் லீவர் மேலே கையை வைத்துக்கொண்டே போகும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கனம் நேராகச் செலக்டர் ஃபோர்க்கில் போய் நிற்கிறது.

வேகத்துக்கு ஏற்ப ஏறும் ஊளைச் சத்தத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 60இல் போகும்போது, சாலை காலியாக இருந்தால், நியூட்டிரலுக்கு வந்து சில நொடி உருளவிடுங்கள். சத்தம் குறைந்தாலோ மாறினாலோ கியர்பாக்ஸ் பக்கம். மாறாமல் அப்படியே இருந்தால் சக்கரப் பேரிங்கோ டயரோ. லேசாக இடது வலது ஸ்டீயரிங்கை வளைக்கும்போது சத்தம் கூடிக் குறைந்தால் சக்கரப் பேரிங்கேதான். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட். இந்த இரண்டுக்கும் கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

கியர் ஆயில் பார்ப்பதை மெக்கானிக் முன்னால் நின்று செய்யவையுங்கள். வண்டி சமமாக லிஃப்டில் இருக்க வேண்டும். ஊற்றுகிற ஃபில்லர் போல்ட்டை முதலில் கழற்றச் சொல்லுங்கள், அதன் பிறகே வடிக்கிற போல்ட். ஃபில்லர் கழலாமல் ஆயிலை வடித்துவிட்டால் வண்டி அங்கேயே கிடக்கும். பொதுவாக அந்த ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நின்றால் அளவு சரி. காந்தம் உள்ள போல்ட்டில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சாதாரணம். பித்தளைப் பொடி மின்னினால் சின்க்ரோனைசர் ரிங். நகத்துண்டு மாதிரி இரும்புச் சில் கிடைத்தால் பல் உடைந்திருக்கிறது, வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. புதிய ஆயில், கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் 'இது அதைவிட உசத்தி' என்று ஜிஎல்-5 ஊற்ற விடாதீர்கள். அதில் உள்ள சில சேர்மானங்கள் பித்தளை ரிங்குகளைப் பாதிக்கக்கூடும்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன சொல்வது

"கிளச் போச்சு, மாத்துங்க" என்று சொன்னால் கிளச் மாறும், குறை மாறாமலும் இருக்கலாம். பார்த்ததைச் சொல்லுங்கள். "இன்ஜின் ஆஃப்ல எல்லா கியரும் விழுது. ஓடும்போது ரிவர்ஸ் மட்டும் பத்து எண்ணினாலும் கர்ருங்குது. ஆயில் குறையல." இப்படிச் சொன்னால் நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது. பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ட்ரையல் போய் வாருங்கள்.

கியர்பாக்ஸ் இறங்குகிறது என்று முடிவானால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். ஒன்றை மிச்சம் பிடித்தால் அதே லேபரை இன்னொரு தடவை கொடுக்க நேரும். ஃப்ளைவீலைக் கண்ணால் பாருங்கள்; கோடு விழுந்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவிச் சமமாக்க முடியுமா என்று கேளுங்கள். கிராங்க் சீலிலும் கியர்பாக்ஸ் சீலிலும் ஆயில் கசிவு இருந்தால் அதையும் அப்போதே மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பிளேட்டும் நனையும். பழைய சாமான்களை வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலை வரை தேய்ந்த பிளேட் ஓடி முடித்தது. கனம் நன்றாக இருந்தும் கருகியிருந்தால் காரணம் வேறு: ஃப்ரீ ப்ளே இல்லாமை, ஆயில், அல்லது ஏற்றத்தில் ஹாஃப் கிளச்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்கிற நம் கால். மார்த்தாண்டம் நெரிசலில் ஒரு மணி நேரம் அப்படி நின்றால் பிளேட் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஏற்றத்தில் நிற்க ஹேண்ட் பிரேக் இருக்கிறது.

பணம் கொடுக்கும் முன் ரிவர்ஸ் சோதனையும் பெடல் சோதனையும் அங்கேயே ஒரு தடவை செய்துவிடுங்கள். புதுப் பிளேட் படிய முதல் சில நூறு கிலோமீட்டர் வேண்டும். அதுவரை மலையேற்றமும் அதிக லோடும் வேண்டாம். கேபிள் வண்டியாக இருந்தால், இரண்டு மூன்று வாரம் கழித்துப் பெடலைக் கையால் அழுத்தி ஃப்ரீ ப்ளேயை இன்னொரு தடவை அளந்து, மாறியிருந்தால் அந்த நட்டைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளுங்கள்.